ஹிபினி மலையில் ஒரு வாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் ரஷ்யாவின் வடமேற்கு மூலையில், கோலா தீபகற்பத்தில் இருக்கும் ஹிபினி மலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். ஸ்கீ பலகைகளை மாட்டிக்கொண்டு, கூடாரத்தையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்து, மனித வாடையே இல்லாத பள்ளத்தாக்குகளில் ஒரு வாரம் போய்வருவது பீட்டர்ஸ்பர்க்கில் பலருக்கு வருடா வருடம் நடக்கிற விஷயம். படிக்க வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட எனக்கும் அது பழகிவிட்டது. கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கஸானில் மருத்துவம் படிக்கும் மாணவர், சொந்த ஊர் நாகர்கோவில்: எங்கள் கல்லூரி நண்பர்கள் மார்ச் கடைசியில் ஹிபினி போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். பூங்காவில் ஸ்கீ பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். அங்கே உயர்ந்த சிகரமே 1,200 மீட்டர்தானாம். தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை. போகலாம்தானே?

போகலாம் தம்பி. ஆனால் அந்த 1,200 என்ற எண்ணை மனதிலிருந்து எடுத்துவிட்டுப் போங்கள். ஹிபினி இருப்பது ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, 67 பாகைக்கு மேல். அங்கே சுமார் 400 மீட்டர் ஏறினாலே மரங்கள் முடிந்துவிடும். அதற்கு மேல் வெறும் பாறையும் பனியும். மலைகளின் உச்சி கூராக இருக்காது, மேஜை மாதிரி தட்டையாக, கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கும். காற்றைத் தடுக்க அங்கே ஒரு புதர்கூடக் கிடையாது.

இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் கடல். அட்லான்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தப் பக்கம் வருவதால்தான் மூர்மான்ஸ்க் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. அதே கடல்தான் ஈரக்காற்றை ஹிபினிக்கு அனுப்புகிறது. காலையில் மைனஸ் 20, மாலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஈரப்பனி, ராத்திரி மறுபடி மைனஸ் 20 என்று மாறும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. சைபீரியாவின் மைனஸ் 40 உலர்ந்த குளிர், உடை நனையாது. ஹிபினியில் மாலையில் நனைந்த சட்டை ராத்திரி பலகையாகிவிடும். கூடவே காற்று. மைனஸ் 20-இல் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 34.

மார்ச் கடைசி நல்ல தேர்வு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை அங்கே சூரியன் எழும்புவதே இல்லை. மார்ச் 20 தாண்டிவிட்டால் பகல் 12 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், பனியும் நிறைய இருக்கும். முதல் பயணத்துக்குக் கீரோவ்ஸ்க் நகரத்திலிருந்து கிளம்பி, குகிஸ்வும்சோர் கணவாய் வழியாக குயெல்போர் பக்கம் போகிற பாதை பொருத்தமானது. பனி ஸ்கூட்டர் தடம் இருக்கும், கணவாயும் சாய்வு குறைந்தது.

கிளம்பும் முன் கஸானுக்குப் பக்கத்திலேயே ஒரு சனி, ஞாயிறு காட்டில் கூடாரத்தில் தூங்கிப் பாருங்கள். முதுகில் 20 கிலோ மூட்டையுடன் ஸ்கீயில் விழுந்து எழப் பழகுங்கள். மூட்டையோடு எழப் பார்த்தால் முழங்கால்தான் திருகும். முதலில் மூட்டையின் வாரைக் கழற்றுங்கள், பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்புங்கள், அப்புறம் எழுந்திருங்கள். ஏற்றத்துக்குப் பலகையின் அடியில் ஒட்டுகிற கமுஸ் பட்டை வேண்டும். முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். அதைக் கழற்றியதும் பையில் திணிக்காமல் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துபோனால் பசை ஒட்டாது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்: என் மகன் இப்படி ஒரு பயணம் போகப்போவதாகச் சொன்னான். யூட்யூபில் தியாத்லவ் கணவாய் பற்றிப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஒன்பது பேர் மர்மமாக இறந்துபோனார்களாமே. அதே இடமா?

அதே இடம் இல்லை, அம்மா. தியாத்லவ் குழு இறந்தது வட உரால் மலையில், ஹிபினியிலிருந்து வெகு தூரம் கிழக்கே. ஆனால் "வேறு இடம்" என்று சொல்லி உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1959 ஜனவரியில் ஸ்வெர்த்லோவ்ஸ்கின் உரால் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த குழு ஒன்று கிளம்பியது. தலைவர் ஈகர் தியாத்லவ், 23 வயது. பத்துப் பேரில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் வழியிலேயே திரும்பிவிட்டார். அவர் 2013 வரை வாழ்ந்தார். மற்ற ஒன்பது பேரும் பிப்ரவரி 1 அன்று ஹோலாத்-சியாஹல் மலைச் சரிவில் பனியை வெட்டிச் சமப்படுத்திக் கூடாரம் போட்டார்கள். ராத்திரி கூடாரத்தை உள்ளிருந்து கிழித்துக்கொண்டு, சரியான காலணிகூட இல்லாமல் கீழே காட்டை நோக்கிப் போனார்கள். ஆறு பேர் குளிரில் இறந்தார்கள், மூன்று பேர் பலத்த காயத்தால். 2020-இல் ரஷ்ய அரசு வழக்கறிஞர் அலுவலகம் பனிச்சரிவே காரணம் என்று அறிவித்தது. 2021-இல் சுவிட்சர்லாந்தில் பணிபுரியும் கோம், புஸ்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: சரிவை வெட்டியதால் மேலே இருந்த பனிப்படலம் பிடிமானம் இழந்தது, காற்று மேலும் மேலும் பனியைக் கொண்டுவந்து ஏற்றியது, சில மணி நேரம் கழித்து ஒரு பலகை போல அது சரிந்திருக்கலாம். எனக்கு அது நம்பத்தகுந்த விளக்கமாகவே படுகிறது.

யூட்யூபில் காட்டாத ஒரு சம்பவத்தையும் உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிபினிக்குக் கிழக்கே, உம்போசெரோ ஏரிக்கு அந்தப் பக்கம் லவோசெரோ மலைகள் இருக்கின்றன. 1973 ஜனவரியில் அங்கே சிவ்ருவாய் கணவாய்ப் பகுதியில் குய்பிஷேவ் விமானவியல் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அதில் மர்மம் எதுவும் இல்லை. மேலே தட்டையான வெளியில் புயல்காற்றில் மாட்டிக்கொண்டு உறைந்துபோனார்கள். இளம் வயது, நல்ல உடற்பயிற்சி. இருந்தும் அந்தக் காற்றின் முன்னால் எதுவும் செல்லவில்லை.

அதனால் மகனிடம் "போகாதே" என்று சொல்வதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: "உங்கள் குழுத் தலைவர் எத்தனை முறை பாதியில் திரும்பி வந்திருக்கிறார்?" ஒருமுறைகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னால், அந்தக் குழுவோடு அனுப்பாதீர்கள். எங்கள் குழுத் தலைவி பள்ளிக்கூட இயற்பியல் ஆசிரியை. தென் ரிஸ்சோர் கணவாய்க்கு அடியில் நின்று ஒரு தரம் சரிவின் கோணத்தை அளந்தார். 30 பாகையிலிருந்து 45 வரையிலான சரிவில்தான் பனிச்சரிவு அதிகம் வரும். அளந்துவிட்டு இடுப்பளவு குழி தோண்டி, பனி அடுக்குகளை முஷ்டியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மேலே கெட்டி, நடுவில் சர்க்கரை போல உதிர்கிற ஒரு படலம், கீழே மறுபடி கெட்டி. "திரும்புகிறோம்" என்றார். வானம் நீலமாக இருந்தது, கணவாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த மாதிரி ஒருவர் பின்னால் போகிற பிள்ளையைப் பற்றி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஹிபினிக்கு இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உண்டு. உரத்துக்கான அபடைட் கனிமத்தைத் தோண்டத்தான் கீரோவ்ஸ்க் நகரமே உருவானது. 1935 டிசம்பரில் யூக்ஸ்போர் மலையிலிருந்து வந்த பனிச்சரிவு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் விழுந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் சோவியத் நாட்டின் முதல் பனிச்சரிவுக் கண்காணிப்புப் பணி அங்கே தொடங்கியது. இன்றும் சுரங்க நிறுவனத்தின் ஆட்கள் பனியை அளந்து அபாய அறிவிப்பு வெளியிடுகிறார்கள். குழு கிளம்பும் முன் அதைப் பார்க்கிறதா என்றும், ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பனிச்சரிவு சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பனிக்குள் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. மீட்புப் படை அதற்குள் வந்து சேராது. பக்கத்தில் இருக்கும் தோழர்கள்தான் தோண்ட வேண்டும்.

திருச்சி வாசகர்: மைனஸ் 25-இல் கூடாரத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்? விலை உயர்ந்த படுக்கைப் பை இருந்தால் போதுமா?

போதாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், மூன்றாம் ராத்திரி அது நீங்கள் வாங்கிய பை இல்லை. தூங்கும்போது உடம்பிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். அது பையின் வெளிப்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உறையும். காலையில் பையை உதறினால் உள்ளே பொடிப் பனி சரசரக்கும். வாத்து இறகு வைத்த பை என்றால் இறகெல்லாம் உருண்டை கட்டி, உருண்டைகளுக்கு நடுவே வெறும் துணிதான் மிஞ்சும். அதனால்தான் ரஷ்யக் குழுக்கள் செயற்கை இழைப் பையை விரும்புகிறார்கள். மூன்று, நான்கு பேர் சேர்ந்து படுக்கும் பொதுப் பையும் உண்டு. எடை குறையும், ஒருவர் சூடு இன்னொருவருக்குக் கிடைக்கும்.

ஹிபினிப் பள்ளத்தாக்குகளில் காடு இருப்பதால் நாங்கள் அடுப்புக் கூடாரம் கொண்டுபோகிறோம். மடக்கக்கூடிய மெல்லிய தகட்டு அடுப்பு அது. கூடாரத்தின் நடுவில் சங்கிலியில் தொங்கும், புகைக்குழாய் தீப்பிடிக்காத துணி வளையம் வழியாக வெளியே போகும். பட்டு நிற்கிற காய்ந்த மரத்தை, அனுமதி உள்ள இடத்தில் மட்டும், ரம்பத்தால் அறுத்து விரல் தடிமனுக்குப் பிளந்து அடுக்கி வைப்போம். ஹிபினியின் ஒரு பகுதி 2018 முதல் தேசியப் பூங்கா. எங்கே தீ மூட்டலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ராத்திரி முழுக்க முறை வைத்து ஒருவர் விழித்திருப்பார். ஒருவருக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம். சில நிமிடத்துக்கு ஒரு தடவை விறகு போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தகடு உடனே ஆறிவிடும். தீப்பொறி துணியில் விழுகிறதா, புகை உள்ளே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், காயப்போடுவது. மேலே கட்டிய கயிற்றில் எட்டுப் பேரின் காலுறை, கையுறை, பூட்ஸுக்குள் போடும் கம்பளி உறை எல்லாம் தொங்கும். காவலுக்கு இருப்பவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, காய்ந்ததை ஓரத்துக்கு நகர்த்தி, ஈரமானதை அடுப்புக்கு நேரே இழுத்துவிடுவார். கம்பளி உறையைப் புரட்டி, பெருவிரல் வருகிற மூலைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஈரம் அங்கேதான் கடைசிவரை தங்கும். அந்த மூலை ஈரமாக இருந்தால் மறுநாள் காலையில் முதலில் மரத்துப்போவது பெருவிரல். அடுத்தவர் காலுறையை அவ்வளவு பொறுப்பாகக் காயவைக்கிற ஆட்களோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று எனக்குத் தோன்றும்.

மரம் இல்லாத உயரத்தில் தங்க நேர்ந்தால் அடுப்புக்கு வேலையில்லை. காற்றுக்கு எதிரே பனிக்கட்டிகளை அறுத்துச் சுவர் எழுப்பிக்கொண்டு, பெட்ரோல் ஸ்டவ்வில் சமைக்க வேண்டும். சாதாரண கேஸ் குப்பியை நம்ப முடியாது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகவே ஆகாது. பெட்ரோலை ஊற்றும்போது வெறும் கையில் பட்டுவிடக் கூடாது. அது உறையாமல் மைனஸ் 25-இலும் திரவமாகவே இருக்கும், பட்ட இடத்தில் ஆவியாகித் தோலை உறையவைத்துவிடும்.

நடக்கும்போதும் இதே கதைதான். வியர்க்கிற அளவுக்கு உடுத்தாதீர்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். நின்றதும் முதல் வேலையாகத் தடித்த கோட்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மதுரை வாசகர்: சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 600, 700 கிராம் உலர்ந்த உணவு எடுத்துப்போவோம், கொழுப்பு நிறைய. ரஷ்யர்கள் உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பைத் தின்னும் இடத்தில் உங்களுக்கு நெய்யும் வெண்ணெயும் இருக்கிறது. காலையில் ஓட்ஸ், பால்பவுடர், திராட்சை. ராத்திரி கிரேச்கா தானியக் கஞ்சியில் தாராளமாக வெண்ணெய். துவரம்பருப்பைக் கொண்டுபோகாதீர்கள், வேகும்வரை எரிபொருள் வீணாகும். மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். ஊரிலிருந்து பருப்புப்பொடி கொண்டுவந்தால் எடையும் இல்லை, அதில் நெய் சேர்த்தால் முழுக் குழுவும் கேட்டு வாங்கிச் சாப்பிடும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் இந்தப் பயணக் காலத்தோடு சேர்ந்து வருவதால் இறைச்சி, பால் இல்லாத பண்டங்கள் அப்போது ரஷ்யக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

சீஸை வீட்டிலேயே துண்டு போட்டு எடுத்துப்போங்கள். மலையில் அது கல்லாகிவிடும், கத்தி இறங்காது. பனியை உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் தீய்ந்த வாசனை தேநீர் வரை வரும்.

கோவை வாசகி: பெண்களுக்கு இது சரிப்படுமா? ஒரே கூடாரத்தில் ஆண்களும் இருப்பார்கள் என்கிறீர்கள். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

இங்கே ஆண், பெண் எல்லாரும் ஒரே கூடாரம்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்களுக்குச் சங்கடம் என்றால் பெண்கள் ஓரமாகச் சேர்ந்து படுக்க ஏற்பாடு செய்யும்படி முன்னதாகவே சொல்லுங்கள், மதிப்பார்கள். வெளியே போகும்போது புயலாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள், இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்தானே என்று பூட்ஸ் இல்லாமல் போகவே கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் போகலாம். ஈரத்துடைப்பான் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்தால் கட்டியாகிவிடும். பயன்படுத்தியதை இரட்டைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். பனி உருகும்போது எல்லாம் ஆற்றுக்குத்தான் போகும்.

தோடும் மூக்குத்தியும் கழற்றிவிடுங்கள். காற்றில் உலோகம் சூட்டை உறிஞ்சி, காதுமடலும் மூக்கும் அந்த இடத்தில்தான் முதலில் உறையும். உடைக்குள் இருக்கும் தாலிச் சங்கிலியால் தொந்தரவு இல்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரிலிருந்து எந்த எண்ணெயும் காப்பாற்றாது, பூசியிருக்கிறோம் என்ற தைரியம்தான் மிஞ்சும். துணி முகமூடி போடுங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் உடனே சொல்லி, சூடான உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். மார்ச் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சென்னை வாசகர்: நேரே இந்தியாவிலிருந்து வந்தால்?

2023 முதல் இந்தியர்களுக்கு மின்விசா உண்டு. பீட்டர்ஸ்பர்க் லதோஷ்ஸ்கி நிலையத்தில் மூர்மான்ஸ்க் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு நாளில் அபடீத்தி, அங்கிருந்து பக்கத்தில்தான் கீரோவ்ஸ்க். இந்திய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது, ரொக்கம் கொண்டுவாருங்கள். ஸ்கீயை இங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். முதல் தடவையே கூடாரப் பயணம் வேண்டாம். கீரோவ்ஸ்கில் அறை எடுத்துத் தங்கி, வழிகாட்டியோடு பகலில் போய்வாருங்கள்.

சேலத்திலிருந்து ஒரு சகோதரி: தம்பி மலைக்குள் போய்விட்டால் போனே கிடைக்காது என்கிறான். எத்தனை நாள் கழித்துக் கவலைப்படத் தொடங்குவது?

ரொம்பச் சரியான கேள்வி. குழு கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்பே அவசரநிலை அமைச்சகத்தின் மீட்புப் பிரிவில் பாதை, ஆட்களின் பெயர், திரும்பும் தேதி எல்லாம் பதிவு செய்ய வேண்டும். அதில் கெடு நாள் ஒன்று குறிப்பார்கள். அதற்குள் குழுவிடமிருந்து தகவல் வராவிட்டால் தேடத் தொடங்குவார்கள். புயல் வந்தால் கூடாரத்திலேயே ஓரிரு நாள் இருக்க வேண்டியிருக்கும் என்பதால் கெடுவைத் திட்டமிட்ட நாளுக்குப் பிறகுதான் வைப்பார்கள். தம்பியிடம் அந்தக் கெடு நாள், பாதை, தலைவரின் எண், ஊரிலேயே இருக்கும் ஒரு தொடர்பாளரின் எண் நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் அலைவரிசை இருக்காது, அதனால் நடுவில் போன் வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கெடு நாள் வரை பொறுங்கள். அது தாண்டிய உடனே அந்தத் தொடர்பாளரைக் கூப்பிடுங்கள், மீட்புப் பிரிவுக்குச் சொல்லிவிட்டாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவரை அப்போதே அங்கிருந்து 112-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.